மொட்டை மாடியிலிருந்து தெரிந்த பூ

எங்கள் குடியிருப்பின் செயலாளர் போன வாரம் கார் நிறுத்தும் இடத்தை ஒட்டி வரிசையாகத் தொட்டிகள் வைத்திருக்கிறார். எல்லாவற்றிலும் ஊதாப் பூ. தென்னங்கன்று போல மடிப்பு மடிப்பாக இலை. தொட்டிக்குத் தொட்டி ‘தொடாதீர்கள்’ என்று ஒரு பலகை. காலை நடைக்குப் போன என்னை வழிமறித்து, “அங்கிள், இது க்ரவுண்ட் ஆர்க்கிட். ரொம்ப ரேர். எல்லா ஆர்க்கிட்டும் மரத்துல வளரும், இது ஒண்ணுதான் தரையில வளரும்” என்றார். நான் “அப்படியா” என்றேன். கேளம்பாக்கம் போகிற சாலை நெடுக நர்சரிகளில் கீரைக்கட்டு மாதிரி அடுக்கி வைத்து விற்கிற செடி அது. அதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் ஒரு மனிதர் தாம்பரத்தை அடுத்த அஸ்தினாபுரத்தில் அறுபது குடும்பங்களுக்குச் செயலாளராக இருக்க முடிகிறது.

உங்களுக்கு இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நீங்களும் என் வயதுக்காரர்கள். காலையில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு எழுந்திருக்கிறவர்கள். பெரியவர்கள் என்றால் விஷயம் தெரிந்தவர்கள் என்று நம்மை நம்ப வைத்து வளர்த்தார்களே, அந்தப் பொய்யை நீங்களும் தின்றுதான் வளர்ந்திருப்பீர்கள். நான் அதைத் துப்பியது ஒரு கோடை விடுமுறையில்.

தரையில் வளரும் ஆர்க்கிட் ஒன்றிரண்டு அல்ல. அதில் ஒரு பேரினமே நம் தாம்பரத்துப் புதர்க்காடுகளில் இருந்தது. புத்தகத்தில் அதை யூலோஃபியா என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் தெருவில் அதற்குப் பெயரே கிடையாது. ஆடு தின்னாது, குழம்புக்கு ஆகாது, தலையில் வைக்க முடியாது. அப்படிப்பட்ட ஒன்றுக்கு யார் மெனக்கெட்டுப் பெயர் வைப்பார்கள்?

எங்கள் வீடு மேற்குத் தாம்பரத்தில், கபுருஸ்தானுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது. எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் ஆட்களை அடக்கம் செய்யும் இடம். வீடு எங்களுடையது அல்ல, அத்தாவின் அண்ணனுடையது. அப்பாவை அத்தா என்பதால் அவரைப் பெரியத்தா என்போம். மார்க்கெட்டில் இரும்புக் கடை வைத்திருந்தார். ஆணி, தாழ்ப்பாள், கீல் எல்லாம் விற்பார். ஜமாத்தில் பொறுப்பு ஏற்றதிலிருந்து மார்க்கம், மருத்துவம், கட்டடம், ரயில்வே என்று எதைப் பற்றியும் கருத்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அத்தா அவருடைய கடையில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் சொன்னால் ஆமாம் என்பது அவருடைய வேலை. அதை நன்றாகவே செய்தார்.

அந்தக் காலத்துச் சத்தங்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். மீட்டர் கேஜ் மின்சார ரயில் நிலையத்துக்குள் நுழையும்போது போடுகிற அந்த முனகல். தலைக்கு மேல் பயிற்சி விமானம் வட்டம் போடுகிற இரைச்சல். மாடியில் அலுமினிய வாளி சுவரில் இடிபடும் ஓசை. அந்த வாளி எங்கே போனதோ, அதன் பிடியில் அம்மா சுற்றியிருந்த பச்சைத் துணி மட்டும் இன்னும் என் கைக்குத் தெரிகிறது.

நான் சொல்லும் கோடைக்கு இரண்டு மழைக்காலம் முன்பு என் தங்கச்சி இறந்துபோனாள். கைக்குழந்தை. பாப்பா என்றுதான் கூப்பிட்டோம். நல்ல மழையில் ஒரு ஜுரம் வந்தது, ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. அடக்கம் செய்த அன்றும் மழை. ஆண்கள் குடையோடு போனார்கள், குடையோடு வந்தார்கள். பெண்கள் உள்ளே போவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அம்மாவை வீட்டில் உட்காரச் சொன்னார்கள். அவள் உட்காரவில்லை. மொட்டை மாடிக்குப் போய்க் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு முழுக்க நனைந்தபடி நின்றாள். எந்த மூலையில் தோண்டினார்கள், எந்தப் பக்கம் மண்ணைத் தள்ளினார்கள், எல்லாம் பார்த்தாள்.

எங்கள் ஜமாத்தில் கல் நாட்ட மாட்டார்கள். மண்மேடுதான். பெரியவர்களின் மேடு சில வருடம் தாங்கும். பாப்பாவின் மேடு முறத்தில் கொட்டிய மாவு அளவு இருந்தது. அந்த மழைக்காலத்திலேயே கரைந்து தரையாகிவிட்டது. அந்த இடத்தில்தான் அடுத்த சித்திரையில் அந்தப் பெயரில்லாத செடியின் தண்டு எழும்பியது.

அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். புல் பூண்டெல்லாம் கருகிப்போய், சரளை மண்ணில் கால் வைக்க முடியாத வெயிலில், ஓர் இலைகூட இல்லாமல் ஒற்றைத் தண்டு மண்ணைக் கிளப்பிக்கொண்டு வரும். என் இடுப்பு உயரத்துக்கு நிற்கும். பூ சின்னது. பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை. உள்ளே கோடு கோடாகப் பழுப்பு, நடுவில் நாக்கு மாதிரி ஒரு வெள்ளை இதழ், அதில் லேசாக ரோஸ். அடியில் பச்சை வெங்காயம் போலக் கிழங்குகள் பாதி வெளியே தெரியும். எறும்பு ஏறிக்கொண்டே இருக்கும். பூ போய் மழை வந்த பிறகுதான் இலை வரும். இலை காய்ந்து ஒன்றுமே இல்லை என்று நாம் முடிவுகட்டிய பிறகு மறுபடி பூ வரும்.

அம்மா துணி காயப்போட மாடிக்குப் போனால் இறங்கி வர நேரமாகும். நாலு துணிக்கு இவ்வளவு நேரமா என்று அத்தா கேட்பார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். பூ விட்டதும் அம்மா என்னைக் கூப்பிடுவாள்.

“டேய், சுவரேறிப் போயி கிட்டக்க பாத்துட்டு வா. மிதிச்சிடாதே.”

நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். இன்றைக்குக் கீழே இருந்த மொட்டு விரிந்திருக்கிறது. எறும்பு கூடியிருக்கிறது. அம்மா நான் சொல்வதைக் கேட்டு, “வாசனை கீதா?” என்பாள். மற்றவர்கள் முன்னால் அவள் அப்படிப் பேச மாட்டாள், என்னிடம் மட்டும் தெருப் பேச்சு வரும். வாசனை இல்லை என்பேன். “பாப்பாவுக்கு வாசனை எதுக்கு” என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு இறங்குவாள். அவளுக்குப் பாப்பாவைப் பார்க்க இருந்த ஒரே வழி அந்தத் தண்டுதான்.

அத்தா வெள்ளிக்கிழமை தோறும் ஜும்மா முடிந்து கபுருஸ்தானுக்குள் போவார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, புங்கமரத்தடியில் கைகளை ஏந்தி நின்று பாத்திஹா ஓதுவார். சாப்பிட உட்காரும்போது, “பாப்பாவப் பாத்துட்டு வந்தேன்” என்பார். அம்மா குழம்பை ஊற்றுவாள். அவளுக்கு மனசு கல் என்று பெரியத்தா ஒருமுறை எங்கள் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து சொன்னார். கல்லாம். ஆணி விற்கிறவருக்கு மனசைப் பற்றி இவ்வளவு தெரிந்திருந்தது.

இனி அந்தக் கோடை. மழைக்கு மாடி ஒழுகுகிறது என்று அம்மா சொல்லிச் சொல்லி ஒருநாள் பெரியத்தா பார்க்க வந்தார். தனியாக வரவில்லை. அவருடைய இன்னொரு போர்ஷனில் குடியிருந்த பாட்டனி சாரும் கூட வந்தார். ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர். வேப்பமரத்தை வேப்பமரம் என்று சொல்ல மாட்டார், லத்தீனில் சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். ஒழுகுகிற இடத்தை இரண்டு பேரும் பார்க்கவில்லை. சார் கைப்பிடிச் சுவரோரம் போய் நின்று, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கத்தினார்.

“பாய்! அங்க பாருங்க பாய், ஆர்க்கிட்!”

“அப்படின்னா?”

“என்ன பாய் இப்படிக் கேக்கறீங்க? ஃபாரின்ல இதுக்குன்னே கண்ணாடி வீடு கட்டி வளர்க்கறாங்க. பூவுலயே ராஜ ஜாதி.”

பெரியத்தாவின் முகம் மாறியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தக் கபுருஸ்தான் அவர் பொறுப்பில் இருக்கிறது, அதில் ராஜ ஜாதிப் பூ ஒன்று பூத்திருக்கிறது, எனவே அது அவரால்தான் பூத்தது என்கிற முடிவுக்கு அவர் வந்து சேர அதிக நேரம் ஆகவில்லை.

“அப்போ இது ஏன் சார் இங்க வந்து மண்ணுல கெடக்குது?”

சார் யோசித்தார். “ஆர்க்கிட்னா மரத்து மேல வளர்றதுதான் பாய். இது எப்படியோ வழி தவறிக் கீழ முளைச்சிருக்கு. பாவம், இப்படியே விட்டா செத்துடும். மரத்துல ஏத்திக் கட்டணும். தேங்காய் நாரு, கரி, அவ்வளவுதான் வேணும்.”

தலைமுறை தலைமுறையாக மண்ணிலேயே பிறந்து மண்ணிலேயே வாழும் செடி. அதன் விதையில் சாப்பாடு என்று ஒன்றும் கிடையாது, தூசி மாதிரி இருக்கும். அந்த மண்ணில் இருக்கிற ஒருவிதப் பூஞ்சை ஊட்டினால்தான் முளையே வரும், வளர்ந்த பிறகும் அதன் தயவு வேண்டும். இதெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. சார் அதற்கு முன்பே படித்திருக்க வேண்டும், அதற்குத்தான் சம்பளம். ஆனால் அவர் பார்த்த படத்தில் ஆர்க்கிட் மரத்தில் இருந்தது, எனவே மரத்தில் இல்லாத ஆர்க்கிட் பாவம்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். “அது இருக்கட்டும் மச்சான், யாருக்கு என்ன தொந்தரவு” என்றாள். கணவரின் அண்ணனை எங்கள் வீடுகளில் மச்சான் என்பார்கள். பெரியத்தா அவள் பக்கம் திரும்பவில்லை. “உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா” என்று மாடிப்படியைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கிப்போனார். தண்ணீர் ஒழுகுவது அப்படியே இருந்தது.

அடுத்த வாரம் அம்மாவும் நானும் கேளம்பாக்கத்தில் பெரியம்மா வீட்டுக் கல்யாணத்துக்குப் போனோம். அங்கே பிரியாணி, சண்டை, சமாதானம் எல்லாம் முறைப்படி நடந்தது. வெள்ளிக்கிழமை நடுப்பகலில் பஸ் பிடித்துத் திரும்பினோம். அம்மா வந்ததும் வெளியே போகும்போது போர்த்துகிற துப்பட்டியைக்கூடக் கழற்றாமல் கல்யாணத்துக்குக் கட்டிய சேலையை அலசி, வாளியோடு மாடிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

தண்டு இல்லை.

தண்டு மட்டுமல்ல. அந்த மூலை முழுக்க மண்வெட்டியால் கொத்திப் புரட்டப்பட்டு, செம்மண் நிறத்தில் உழுத வயல் மாதிரிக் கிடந்தது. கிழங்கு மண்ணுக்குள் ஓடியிருக்கும், தேடினால் இன்னும் கிடைக்கும் என்று சார் சொன்னாராம். தேடியிருக்கிறார்கள். தேடி முடித்து, பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்று சமப்படுத்தியும் விட்டிருக்கிறார்கள். ஜும்மா முடிந்து வந்த ஆண்கள் அங்கே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியத்தா, அத்தா, பாட்டனி சார், அரிசிக் கடைக்காரர், இன்னும் சிலர். பெரியத்தாவின் கடை ஆள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, “இன்னா பாய் இது, வெங்காயம் கணக்கா கீது. இதுக்கா இம்மாம் பேஜாரு?” என்று கிழங்கை உருட்டிக்கொண்டிருந்தான்.

அந்தச் செடி என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரியத்தா வீட்டு வாசல் வேப்பமரத்தில் தேங்காய் நார் சுற்றிக் கட்டினார்கள். வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்திக் காட்டினார். சார் தினமும் வாயால் தண்ணீர் தெளித்தார். ஆடி பிறப்பதற்குள் கருவாடு மாதிரி ஆகிவிட்டது. கண்ணேறு என்று பெரியத்தா முடிவு செய்தார். சார் மறுக்கவில்லை.

அம்மா வாளியைக் கீழே வைத்தாள். படியிறங்கினாள். வீட்டைச் சுற்றிக்கொண்டு தெருவில் நடந்து கபுருஸ்தான் வாசலுக்குப் போனாள். நான் ஓடினேன். அவள் வாசலில் நிற்பாள் என்று நினைத்தேன். நிற்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

பெரியத்தாவுக்குத்தான் முதலில் வாய் வந்தது.

“என்னம்மா இது? பொம்பளை உள்ள வரலாமா? மொதல்ல வெளிய போ.”

“எம்புள்ளையை ஏன் தோண்டினீங்க மச்சான்?”

“இன்னா பேசற நீ? இந்த மூலையில கபுரே கெடையாது. காலி எடம். உம் புருசனைக் கேட்டுத்தான் செஞ்சோம்.”

அத்தா முன்னால் வந்தார். அவர் முகத்தில் உண்மையான கவலை இருந்தது, அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். “ஏய், பதறாதே. பாப்பா இங்க இல்ல. தோ, புங்கமரத்தடியில இருக்கா பாரு. அதுமேல யாரும் கை வெக்கல” என்று காட்டினார்.

“அது அரிசிக் கடைப் பெரியவருங்க.”

அத்தாவுக்குப் புரியவில்லை. அவள் மறுபடி சொன்னாள். குரலை உயர்த்தவே இல்லை.

“அங்க இருக்கறது அரிசிக் கடைப் பெரியவரு. ரெண்டு வருசமா வாரா வாரம் நீங்க அவருக்குத்தான் ஓதிட்டு வந்து சோறு திங்கறீங்க.”

எல்லோரும் அரிசிக் கடைக்காரரைப் பார்த்தார்கள். அவர் தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்தார். “ஆமா பாய். அது எங்க அத்தாதான். அவர் மேல உங்களுக்கு அவ்வளவு மரியாதை போலன்னு நெனச்சேன். வீட்டுல கூடச் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டோம்” என்றார்.

ஒருவருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை. எனக்கு இப்போதுதான் சிரிப்பு வருகிறது. உள்ளே போக உரிமை உள்ளவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். பள்ளம் வெட்டும்போது பக்கத்தில் நின்றவர்கள், தன் கையால் பிள்ளையை இறக்கியவர். ஒருவருக்கும் இடம் தெரியாது. உள்ளே வரக்கூடாது என்று தடுக்கப்பட்டவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

“தெரிஞ்சிருந்தா எங்கிட்ட ஏன் சொல்லல?” என்றார் அத்தா.

“நீங்க கேக்கல. சொன்னா அங்க வந்து நிப்பீங்க. நீங்க நின்னா எனக்கு மறைக்கும்.”

சொல்லிவிட்டு அவள் புரட்டிய மண்ணுக்குள் நடந்தாள். நாலடி வைத்து நின்றாள். இடதுபக்கம் பார்த்தாள், வலதுபக்கம் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை. அவள் அந்த இடத்தை ஒருநாளும் கீழிருந்து பார்த்ததில்லை. மேலிருந்து பார்த்தால் ஓர் ஒற்றைத் தண்டு, அவ்வளவுதான் அவளுக்கு அடையாளம். கீழே எல்லாப் பக்கமும் ஒரே செம்மண்ணாக இருந்தது. அவள் முகத்தில் அப்போதுதான் பயத்தைப் பார்த்தேன். பெரியத்தாவைப் பார்த்து வராத பயம்.

திரும்பி எங்கள் மாடியைப் பார்த்தாள். பிறகு என்னை.

“டேய், மேல போ. நா நிக்கற எடத்துல போயி நில்லு. நின்னு சொல்லு.”

ஓடினேன். கொடிக்கம்பத்துக்கும் கைப்பிடிச் சுவர் பெயர்ந்த இடத்துக்கும் நடுவில் அவள் நிற்பாள். அங்கே நின்றேன். அங்கிருந்து பார்த்தபோது எனக்குச் சந்தேகமே இல்லை. எத்தனையோ முறை நான் சுவரேறிப் போன வழி, அவள் விரல் நீட்டிக் காட்டிய வழி.

“இன்னும் உள்ள போம்மா!” என்று கத்தினேன். “போதும் போதும். இந்தாண்ட வா. சுவர் பக்கமா. இன்னும் கொஞ்சம்.”

ஜமாத்துப் பெரிய மனிதர்கள் எல்லோரும் என் கைகாட்டலுக்கு ஏற்றபடி ஒதுங்கினார்கள். பாட்டனி சார் ஒரு காலில் நின்று தடுமாறினார். பெரியத்தா நகர மறுத்து நின்றார். கடை ஆள், “கொஞ்சம் தள்ளு பாய், அக்கா வருது” என்று அவர் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினான்.

“அங்கதாம்மா! அங்கதான்!”

அம்மா அப்படியே உட்கார்ந்தாள். துப்பட்டி மண்ணில் பரவியது. இரண்டு கையாலும் மண்ணைக் கூட்டிச் சின்னதாக ஒரு மேடு கட்டினாள், முறத்தில் கொட்டிய மாவு அளவு. அதைத் தட்டிவிட்டுத் தட்டிவிட்டு மறுபடி கூட்டினாள். ஆண்கள் ஒவ்வொருவராக வெளியே நழுவினார்கள். பெரியத்தா போகும்போது ஏதோ சொன்னார், என் காதில் விழவில்லை, விழுந்திருந்தாலும் அது ஒன்றும் புதிதாக இருந்திருக்காது.

அத்தா மட்டும் போகவில்லை. மெதுவாக அவள் பக்கத்தில் வந்து நின்றார். தொப்பியைச் சரிசெய்தார். கைகளை ஏந்தப் போனார், பிறகு ஏனோ தயங்கினார். எந்தப் பக்கம் தலைமாடு, எந்தப் பக்கம் நின்று ஓத வேண்டும் என்று கேட்டார். எனக்கு மாடியிலிருந்தே கேட்டது, அவ்வளவு அமைதி.

“நா எங்க நிக்கட்டும்?”

அம்மா தலையைத் தூக்கவில்லை.

“வெளிய நில்லுங்க” என்றாள்.

அத்தா போய் வாசலுக்கு வெளியே நின்றார்.